லாக் ஃப்ளூம்: படகில் இல்லாத மோட்டார்

லாக் ஃப்ளூம் என்னும் நீர்ச்சவாரியில் போய்வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் வரும் அந்தச் செங்குத்தான இறக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஓசூரில் படிக்கும் என் அக்காள் மகனும் அப்படித்தான் பேசினான். ஆனால் பேச்சின் நடுவே, "மாமா, அந்தக் கட்டைப் படகுக்குள்ளே மோட்டாரை எங்கே வச்சிருப்பாங்க?" என்று ஒரு கேள்வியையும் போட்டான். பாலக்கோட்டில் பம்புசெட் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறான். படகில் மோட்டாரும் இல்லை, துடுப்பும் இல்லை, சுக்கானும் இல்லை. மோட்டார்கள் யாவும் பார்வையாளர் கண்ணில் படாத ஒரு பம்பு அறையில் இருக்கின்றன என்றேன். அவனுக்குச் சொன்ன விளக்கத்தை ஒழுங்குபடுத்தி, சில கணக்குகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பார்வையில் லாக் ஃப்ளூம் என்பது முதலில் ஒரு பாசன வேலை. இறக்கம் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் முழுவதும் படகு ஒரு குறுகிய கால்வாயில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்தக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர், எந்த மட்டத்தில், எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் பொறியாளரின் பெரும்பகுதி உழைப்பு அடங்கியிருக்கிறது. தூண்களின் மேல் செல்லும் அந்தக் கால்வாயை எட்ட நின்று பார்த்தால், கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தின் சிறிய உறவு என்று நம்மவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கால்வாயாகிய தொட்டி பெரும்பாலும் கண்ணாடியிழையாலோ கான்கிரீட்டாலோ எஃகாலோ ஆனது. அதன் அகலம் படகின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். படகின் பக்கங்களில் சிறிய உருளைகள் பொருத்தப்பட்டிருப்பதால், வளைவுகளில் படகு தொட்டிச் சுவரில் உராயாமல், உருளைகள் சுவரைத் தொட்டு உருண்டு திரும்பிவிடுகிறது. சுக்கான் இல்லாததன் காரணம் இதுதான்: திசையைச் சுவரே காட்டுகிறது, நீரே தள்ளுகிறது. மிதக்கும் பொருள் ஏறத்தாழ நீரின் வேகத்திலேயே செல்லும் என்பதால், நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் படகின் வேகமும் கட்டுக்குள் வந்துவிடும்.

இப்போது கணக்கு. ஒகேனக்கல்லுக்கு விநாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது, பரிசல் இயக்கத் தடை உண்டா இல்லையா என்பதை நாளிதழில் பார்த்துப் பழகிய தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கன அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுக்கு ஒரு தொட்டியின் அகலம் 4 அடி, நீரின் ஆழம் 2 அடி, ஓட்டத்தின் வேகம் விநாடிக்கு நாலரை அடி என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 36 கன அடி, அதாவது ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல். காவிரியின் ஆயிரக்கணக்கான கன அடிக்கு முன்னால் இது ஒன்றுமில்லைதான். ஆனால் காவிரி மலையிலிருந்து தானாக இறங்கி வருகிறது, இந்த 36 கன அடியை மனிதன்தான் மேலே ஏற்ற வேண்டும். இறக்கத்துக்கு முன் படகு மிதக்கும் மேல் தொட்டி 30 அடி உயரத்தில் இருந்தால், இந்த அளவு நீரை இடைவிடாமல் அங்கே ஏற்றுவதற்கு இழப்பு எதுவுமே இல்லாத நிலையிலும் சுமார் 120 குதிரைத்திறன் வேண்டும். பம்பின் திறனை 75 விழுக்காடு என்று கொண்டால் 160-ஐத் தாண்டிவிடும். நம் பகுதியில் 5 எச்.பி., 7.5 எச்.பி. மோட்டார்களை வைத்து ஒரு குடும்பமே விவசாயம் பார்க்கிறது என்பதை நினைத்தால், அந்தக் கட்டைப் படகின் மோட்டார் எங்கே என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிடும். இங்கே தேவைப்படுவது தண்ணீரை வெகு உயரத்துக்குத் தள்ளும் பம்பு அல்ல; குறைந்த உயரத்துக்கு மிகுந்த அளவு நீரைத் தள்ளும் வகை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்புகளையே நாள்தோறும் பார்க்கும் எனக்கு, ஆள் நுழையும் அளவு வாயுள்ள அத்தகைய பம்புகளின் படங்களைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சி.

தொட்டிக்குத் தேவைப்படும் சரிவு மிகக் குறைவு. மேற்சொன்ன அளவுகளில், வழவழப்பான சுவருள்ள தொட்டியில், நூறு மீட்டர் நீளத்துக்கு அரை அடிக்கும் குறைவான இறக்கமே போதும். அதற்கு மேல் சரிவு கொடுத்தால் நீர் வேகமெடுத்து ஆழம் குறைந்துவிடும். படகின் அடி தட்டும். சரிவைக் குறைத்தால் நீர் தேங்கி, தொட்டியின் விளிம்பு வழியும். வாய்க்கால் வெட்டிய அனுபவமுள்ளவர்களுக்கு இந்த இழுபறி நன்றாகத் தெரியும்.

இந்தத் தொட்டியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ஐந்து பேர் ஏறிய படகு தொட்டிப்பாலத்தின் மேல் செல்லும்போது, தூண்களின் மேல் கூடுதல் சுமை ஏறுவதாகத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடுகிறது. நீர்மட்டம் மாறாமல் இருக்கும் வரையில், படகு நிற்கும் இடத்தில் தொட்டி சுமக்கும் மொத்த எடை, படகே இல்லாதபோது சுமந்த எடைதான். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பள்ளியில் படித்த எவரும் இதை அறிவர் என்றாலும், தூணுக்குக் கீழே நின்று, தலைக்கு மேலே படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டே இதை எண்ணிப்பார்ப்பது வேறு வகை அனுபவம்.

இந்தத் தொட்டிகள் கேளிக்கைக்காகப் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளில் வெட்டிய மரங்களை அடிவாரத்து ஆலைகளுக்கும் இரயில் நிலையங்களுக்கும் கொண்டுவருவதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பலகைகளால் நெடுந்தொலைவுக்கு நீர்த்தொட்டிகள் கட்டினார்கள். கலிபோர்னியாவில் மலையிலிருந்து சாங்கர் என்னும் ஊர் வரை கட்டிய தொட்டி 50 மைலுக்கும் அதிக நீளம் கொண்டது. முதலில் சதுர வடிவில் கட்டியபோது மரங்கள் குறுக்கே சிக்கி நின்றுவிட்டன. பிறகு இரண்டு பலகைகளை ஆங்கில எழுத்து வி போலச் சாய்த்துச் சேர்த்தார்கள். அதில் ஒரு கட்டை சிக்கினால், அதன் பின்னே நீர் தேங்கி மட்டம் உயரும்; மட்டம் உயர உயரத் தொட்டியும் அகலமாகிக்கொண்டே போவதால் கட்டை தானாகத் தூக்கப்பட்டு விடுபட்டு ஓடும். ஆள் வைத்துக் கோலால் தள்ள வேண்டிய வேலையை வடிவமே செய்துவிட்டது. இதைச் செய்து காட்டியவராக நெவாடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெய்ன்ஸ் என்பவரைக் குறிப்பிடுகிறார்கள்.

மரம் போன வழியில் மனிதரும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 1875-இல் நெவாடாவின் வெள்ளிச் சுரங்க முதலாளிகளான ஜேம்ஸ் ஃபேர், ஜேம்ஸ் ஃப்ளட் இருவரும், நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழின் செய்தியாளர் ராம்ஸ்டெல்லையும் சேர்த்துக்கொண்டு, தங்கள் நிறுவனத்தின் 15 மைல் தொட்டியில் இரண்டு ஓடங்களில் இறங்கினார்கள். ஓடமும் வி வடிவத்தில் பலகையால் செய்ததுதான். பிரேக் கிடையாது, கைப்பிடி கிடையாது, பள்ளத்தாக்குகளின் மேல் தொட்டி மரச்சட்டங்களின் மீது நின்றது. உயிரோடு அடிவாரம் சேர்ந்த பிறகு, சுரங்கத்தையே எழுதிக் கொடுத்தாலும் இன்னொரு முறை போக மாட்டேன் என்ற பொருளில் ஃப்ளட் சொன்னதாக அந்தச் செய்தியாளர் எழுதியிருக்கிறார். பெருஞ்செல்வர்கள் இருவர் தங்கள் சொந்தச் சரக்குப் பாதையில் சரக்காகவே போய்வந்த இந்தக் கதை, பூங்காச் சவாரிகளின் வரலாற்றில் எந்தத் தொழிற்சாலைக் கதையையும்விடச் சுவையானது.

பூங்காவுக்கு இது வந்து சேர்ந்தது மிகவும் பிந்தித்தான். படகைச் சரிவில் சறுக்கிக் குளத்தில் விடும் விளையாட்டு 1880-களிலேயே அமெரிக்காவில் தொடங்கி, 1895-இல் பால் பாய்ட்டன் கோனி தீவில் அமைத்த பூங்காவால் புகழ் பெற்றது. எனினும் அது ஒரு சரிவும் ஒரு குளமும் மட்டுமே கொண்டது. நீண்ட கால்வாய்ப் பயணம் அதில் இல்லை. இன்று நாம் காணும் முறையில் முதல் லாக் ஃப்ளூம் 1963-இல் டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் உள்ள சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்காவில் திறக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் கலிபோர்னியாவின் ஆரோ டெவலப்மென்ட் நிறுவனத்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் டிஸ்னிலேண்டில் எஃகுக் குழாய்த் தண்டவாள ரோலர் கோஸ்டரைச் செய்து கொடுத்தவர்களும் இவர்களே. 1969-இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் ஒரு செயற்கை மலைக்குள்ளேயே இந்தச் சவாரி அமைந்தது. 1989-இல் டிஸ்னிலேண்டில் வந்த ஸ்பிளாஷ் மவுண்டன் 2023 வரை இயங்கியது. பெயர்களை அடுக்குவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லாததால் பம்பு அறைக்கே திரும்புகிறேன்.

படகு மேலே ஏறுவது நீரால் அல்ல. கீழ்த் தொட்டியின் முடிவில் ஒரு சாய்ந்த ரப்பர் பட்டை, நம் செங்கல் சூளைகளிலும் கல் அரவை ஆலைகளிலும் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டின் இனத்தைச் சேர்ந்தது, நீருக்குள்ளிருந்து தொடங்கி மேலே செல்கிறது. படகின் மூக்கு பட்டையின் மேல் ஏறியதும் மிதத்தல் முடிந்து உராய்வு பொறுப்பேற்கிறது. சில பூங்காக்களில் பட்டைக்குப் பதில் சங்கிலி உண்டு. எதுவாக இருந்தாலும், மின்சாரம் நின்றால் படகு பின்னோக்கிச் சரியாமல் பிடித்துக்கொள்ளும் பற்கள் வழிநெடுக இருக்க வேண்டும். உச்சியில் ஒரு சிறு நுணுக்கத்தைக் கவனிக்கலாம்: பட்டை மேல் தொட்டியின் நீர்மட்டத்தைவிடச் சற்று உயரத்துக்கு ஏறி, ஒரு மேட்டைக் கடந்து, பிறகுதான் படகை மேல் தொட்டிக்குள் இறக்கிவிடுகிறது. அந்த மேடு இல்லாவிட்டால், பம்பு ஏற்றி வைத்த நீர் முழுவதும் பட்டை வழியாகவே கீழே ஓடிவிடும். ஏரிக்கரை எதற்காக இருக்கிறதோ அதற்காகத்தான் அந்த மேடும்.

இனி எல்லாரும் பேசும் இறக்கம். மேல் தொட்டியின் முடிவில் நீரும் படகும் சேர்ந்தே விளிம்பைத் தாண்டுகின்றன. சில அமைப்புகளில் படகு நீர்ப்படலத்தின் மேல் வழுக்கி இறங்குகிறது. வேறு சிலவற்றில் அடிச்சக்கரங்கள் தண்டவாளத்தில் உருள்கின்றன. வேகத்தை நிர்ணயிப்பது உயரம்தான். ஸ்பிளாஷ் மவுண்டனின் பெரிய இறக்கம் ஏறத்தாழ 52 அடியாக இருந்தது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனெனில் நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டமும் 52 அடிதான். அணையின் முழு மட்டத்திலிருந்து அடித்தளம் வரை ஒரு படகு உராய்வின்றி இறங்கினால், அடியில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டராக இருக்கும். படகில் இருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் இந்தக் கணக்கில் மாற்றமில்லை. உராய்வும் காற்றும் கொஞ்சம் குறைத்துவிடும், அவ்வளவே.

மாற்றம் வருவது அடியில். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் வரும் படகைச் சில பத்து அடிகளுக்குள் நிறுத்தியாக வேண்டும், பிரேக்கோ இல்லை. அங்கே நிறுத்துவது நீர். படகின் மூக்கு ஆழமான நீரில் புகும்போது எதிரே உள்ள நீரைத் தள்ளி முடுக்குகிறது; அந்த நீருக்குக் கிடைத்த உந்தம் முழுவதும் படகு இழந்த உந்தம். பக்கவாட்டில் இறக்கை போல் எழும்பும் நீர்த்திரை நம்மை மகிழ்விப்பதற்காக மட்டும் எழுவதில்லை. அணையின் மதகுகளைத் திறக்கும்போது சரிவில் வேகமாக வரும் மெல்லிய நீர், அடியிலுள்ள தேக்கத்தில் மோதி நுரைத்து எழும்பி, அதன் பிறகே சாதுவாக ஆற்றில் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அணையின் அடிப்பகுதியை அரிப்பிலிருந்து காப்பதற்காகத் திட்டமிட்டுக் கட்டிய அமைப்பு அது. லாக் ஃப்ளூமின் அடித்தேக்கத்திலும் ஆற்றலைக் கரைக்கும் அதே வேலைதான் நடக்கிறது, நடுவில் ஒரு படகு இருக்கிறது என்பதே வேறுபாடு. எடை கூடிய படகு ஆழமாக அமிழ்ந்து, அதிக நீரை எறிந்து, சற்று அதிகத் தூரம் ஓடி நிற்கும். ஐந்து பெரியவர்கள் ஏறிய படகு கரையில் நிற்பவரையும் நனைப்பதற்கும், இரண்டு சிறுவர்கள் ஏறியது ஏமாற்றமளிப்பதற்கும் காரணம் இதுவே.

அப்படியானால் அந்தத் தேக்கத்தின் மட்டம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். மட்டம் குறைந்தால் படகு நிற்காமல் போய் முன்னால் உள்ள படகை இடிக்கும். மிகுந்தால் திடீரென்று நின்று உள்ளிருப்பவர்களின் முகம் முன்கம்பியில் மோதும். ஆகவே நீர்மட்டத்தையும் பிரேக் பட்டையைப் போல இயந்திரத்தின் ஓர் உறுப்பாகக் கருத வேண்டும்.

இதைக் கருதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, லாக் ஃப்ளூமுக்கு நெருங்கிய உறவான வட்ட மிதவைச் சவாரி ஒன்றில் நடந்த விபத்து சான்று. 2016 அக்டோபர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் உள்ள ட்ரீம்வேர்ல்டு பூங்காவில், நீரேற்றும் இரண்டு பம்புகளில் ஒன்று நின்றுபோனது. சில விநாடிகளிலேயே மட்டம் இறங்கி, ஒரு மிதவை கன்வேயருக்கு அருகே இரும்புச் சட்டங்களில் தரைதட்டி நின்றுவிட, பின்னால் ஆட்களோடு வந்த மிதவையைக் கன்வேயர் அதன் மேல் கொண்டுபோய் மோதியது. நால்வர் உயிரிழந்தனர். அதே நாளில் அந்தப் பம்பு ஏற்கெனவே ட்ரிப் ஆகி, அதாவது தானாக அணைந்து நின்றிருந்தது; மீண்டும் ஓட்டினார்கள். மட்டம் குறைந்ததைத் தானாக உணரும் எளிய கருவி பொருத்தப் பெரிய செலவு ஆகியிருக்காது, அது விபத்தைத் தடுத்திருக்கக்கூடும் என்று விசாரணை அதிகாரி 2020-இல் பதிவு செய்தார். நம் ஊர் விவசாயி கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் எரிந்துவிடக் கூடாது என்று ஸ்டார்ட்டரோடு ட்ரை ரன் பிரிவென்டர் சேர்த்து வாங்குகிறார். மோட்டாருக்குக் காட்டும் அந்தக் கவனம் மனிதர் ஏறும் சவாரிக்கு இல்லாமல் போனதை, இதே பொருளை விற்பவன் என்ற முறையில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ட்ரிப் ஆன மோட்டாரைக் காரணம் பாராமல் மறுபடி தட்டிவிடும் பழக்கம் நம் தோட்டங்களிலும் நிறைய உண்டு. அங்கே மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும், இங்கே எரிவது வேறு.

பம்பு நிற்பது பற்றி இன்னொன்று. நல்ல முறையில் நிறுத்தினாலும், மேல் தொட்டியில் இருக்கும் நீர் முழுவதும் கீழே வந்தே தீரும். அவ்வளவையும் ஏந்தும் அளவுக்குக் கீழ்க்குளம் பெரிதாக இருக்க வேண்டும். மறுபடி பம்பு ஓடத் தொடங்கும்போது குளத்தின் மட்டம் இறங்கும், அப்போதும் உறிஞ்சு குழாயின் வாய் காற்றை இழுக்காத ஆழத்தில் இருக்க வேண்டும். சவாரியைச் சுற்றி அழகுக்காக வெட்டியது போல் தோன்றும் அந்தக் குட்டை, உண்மையில் இந்த இரண்டு மட்டங்களையும் கணக்கிட்டு வெட்டியது. அதனால்தான் காலையில் பூங்கா திறப்பதற்கு முன்பே பம்புகளை ஓட்டி, தொட்டி முழுவதும் நிரம்பி மட்டம் நிலைபெற்றதை உறுதி செய்துகொண்ட பிறகே படகுகளை விட வேண்டியிருக்கிறது.

படகுகளுக்கு இடையிலான இடைவெளியும் இதே வகை ஒழுங்கைக் கேட்கிறது. 20 விநாடிக்கு ஒரு படகு, படகுக்கு 5 பேர் என்றால் மணிக்கு 900 பேர் ஏறலாம். மெதுவான கால்வாய்ப் பகுதியில் இரண்டு படகுகள் முட்டிக்கொண்டு போனாலும் கெடுதல் இல்லை. இறக்கத்துக்கு முன்னால் மட்டும், கீழே உள்ள படகு தேக்கத்தைவிட்டு விலகிய பிறகே அடுத்தது விளிம்பைத் தாண்ட வேண்டும். உணரிகளும் தடுப்புக் கதவும் அதற்காகவே அங்கே வைக்கப்படுகின்றன.

நம் மாவட்டங்களில் இப்படி ஒன்றை அமைப்பதாக யாரேனும் சொன்னால், எழும் முதல் கேள்வி எத்தனை போர் போட்டார்கள் என்பதாகத்தான் இருக்கும். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நெடுங்காலம் எதிர்பார்த்திருந்த ஊர்களில் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் விநாடிக்கு 36 கன அடி என்பது ஒரே நீர் சுற்றிச் சுற்றி வரும் அளவு. செலவாவது ஆவியாவதும், தெறித்து வெளியே போவதும், ஆடைகளில் ஏறி வீட்டுக்குப் போவதும், வடிகட்டியைக் கழுவுவதும்தான். அந்த இழப்பை மட்டும் அன்றாடம் ஈடுசெய்தால் போதும். உப்பு மிகுந்த போர் தண்ணீரை விட்டால், ஆவியாக ஆவியாக உப்பின் அடர்த்தி கூடி, உருளைகளின் பேரிங்கிலும் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரிலும் படிந்துவிடும் என்பது வேறு தலைவலி. மழைநீரைச் சேர்த்துவைத்து விடுவது இங்கே வெறும் நற்பழக்கம் என்பதையும் தாண்டிய தேவை.

மின்சாரக் கணக்குதான் உண்மையில் கடுமையானது. முன்னே சொன்ன பம்பு மோட்டாரின் இழப்பையும் சேர்த்துச் சுமார் 130 கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும், விவசாய இணைப்பைப் போல அது இலவசமும் அல்ல. படகு நிறைந்து போனாலும் வெறுமையாகப் போனாலும் பம்பு ஏற்றும் நீரின் அளவு மாறாது. வாரநாளில் போனால் லாக் ஃப்ளூமைக் குறித்த நேரத்துக்கு மட்டும் ஓட்டுகிறார்களே, நாள் முழுவதும் ஓட்டினால் என்ன என்று அக்காள் மகன் குறைப்பட்டுக்கொண்டதற்கு, இந்த ஆயிரம் யூனிட்டைத்தான் எழுதிக் காட்டினேன்.